மதுரையில் நான்கு நாட்கள்: அம்மாவுடன் போகிறோம், இரவு நகரை எப்படிப் பார்ப்பது?

பனையோலை

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் வசிக்கிறேன். வருகிற தை மாதத்தில் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போக எண்ணியிருக்கிறேன். பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து பேருந்தில் மதுரையை அடைவது திட்டம். வந்துபோகும் நாட்களைக் கழித்தால் முழுதாக நான்கு நாட்கள் கையில் இருக்கும்.

அம்மாவுக்கு 64 வயது. மீனாட்சியம்மனை ஒருமுறை கண்ணாரக் காண வேண்டும் என்று அப்பா இருந்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர். முழங்கால் நோவு இருப்பதால் வெயிலில் நெடுநேரம் நடக்க அவரால் இயலாது. தம்பிக்குப் பயணம் என்றாலே சாப்பாடுதான். எனக்கு உள்ள ஆசை வேறு. மதுரையைத் தூங்கா நகரம் என்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கஸ்தூரியார் வீதியால் வந்தால் பூட்டிய கடைகளையே பார்த்துப் பழகிய எனக்கு, நடுச்சாமத்திலும் விளக்கெரியும் ஒரு தமிழ் நகரத்தை நடந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக விருப்பம்.

கோயிலுக்கு எந்த நேரம் உகந்தது, எங்கே தங்குவது, அம்மா சைவமாகவும் தம்பி மச்சத்தோடும் எங்கே சாப்பிடலாம், இரவில் பெண்கள் வெளியே நடமாடலாமா என்பவற்றை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கந்தரோடைக்காரன்

தங்கையின் பயணம் நல்லபடி அமைய வாழ்த்துகள். நான் இரண்டு முறை மதுரைக்குச் சென்றிருக்கிறேன். என் கருத்தில், நான்கு நாளில் ஒன்றைக் கட்டாயம் கீழடிக்கு ஒதுக்க வேண்டும். நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரந்தான். 2014ஆம் ஆண்டு முதல் அங்கே நடந்த அகழாய்வில் கிடைத்த செங்கற் கட்டடங்கள், உறைகிணறுகள், தமிழி என்னும் பழைய எழுத்தில் பெயர்கள் கீறிய பானையோடுகள், பகடைக்காய்கள் ஆகியவற்றை வைத்து, 2023 மார்ச் மாதம் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சாயலில், நிழலும் காற்றும் உள்ளதாகக் கட்டியிருப்பதால் அம்மாவுக்கும் களைப்பு இருக்காது.

எங்கள் ஆனைக்கோட்டையில் 1980களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகக் குழுவினர் எடுத்த, பழைய எழுத்துப் பொறித்த முத்திரையையும், கந்தரோடையில் கிடைத்த ஓடுகளையும் அறிந்தவர்கள், கீழடியின் பானையோட்டு எழுத்துக்களைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கும்போது உண்டாகும் நெருக்கத்தைப் படங்களில் பெற முடியாது. கோயில் வாசலில் மட்டும் நின்று திரும்பினால் மதுரையின் பழமை பாதிதான் விளங்கும்.

இரவு நகரம் என்பதற்காக மிகுந்த நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இரவு முழுதும் கடைகளில் நின்று சாப்பிட்டால் மறுநாட் பகல் படுக்கையில் போய்விடும். நான் கண்ட இரவில் பெரும்பாலும் பரோட்டாக் கடைகளே திறந்திருந்தன.

மாசிவீதி

கந்தரோடை அண்ணா கீழடியைப் பற்றிச் சொன்னதை முழுமனதாக ஏற்றுக்கொள்கிறேன். இரவைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்க இயலவில்லை. அதற்கு என் வாழ்க்கையே காரணம். நான் 1990இல் சிறுவனாகப் படகேறி, மண்டபம் முகாமில் இறங்கி, பிறகு மதுரையில் வளர்ந்து படித்தவன். 2011இல் ஊர் திரும்பும் வரை மேலமாசி வீதிக்கு அருகிலேயே குடியிருந்தேன். ஆகையால் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நகரத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றெல்லாம் எளிது. கோயில் நடுவில் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலைச் சுற்றி வெளியே சித்திரை வீதிகள். அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அப்பால் மாசி வீதிகள், எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதிகள். நான்கு திசைக்கும் ஒவ்வொரு பெயரும் நான்காகப் பிரியும். நல்லூரில் கோயிலைச் சுற்றி வீதி இருப்பது போல, இங்கே ஒரு நகரமே கோயிலைச் சுற்றிய வீதிகளாக அடுக்கடுக்காக விரிந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வழி தவறினாலும் அச்சமில்லை. கோபுரம் தெரியும் பக்கத்துக்கு நடந்தால் மையத்துக்கு வந்துவிடலாம். தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீற்றர் உயரமுடையது.

இந்த நகரத்துக்கு ஒரு பகல் ஓய்வு உண்டு. கோயில் நடை பகல் பன்னிரண்டரை அளவில் சாத்தினால் பின்னேரம் நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் வெயிலும் கல்லைச் சுடும். வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலானோர் செய்யும் தவறு, பகல் முழுதும் அலைந்துவிட்டு இரவு எட்டு மணிக்குக் களைத்து அறைக்குத் திரும்புவதுதான். மதுரை எழும்பும் நேரத்தில் அவர்கள் நித்திரைக்குப் போகிறார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். விடிய ஐந்து மணிக்கு நடை திறக்கும்போது ஒருமுறை போங்கள். மத்தியானச் சாப்பாட்டின் பின் அம்மாவை நன்றாக உறங்க விடுங்கள். ஐந்து மணிக்கு மேல் உங்கள் நாளைத் தொடங்குங்கள்.

இரவு மிகைப்படுத்தப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு பதில். சங்க காலத்து மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டில் மிக நீளமானது, 782 அடிகள். மாங்குடி மருதனார் அதில் பகற்கடைத் தெருவை நாளங்காடி என்றும் இரவுக்கடைத் தெருவை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்லி, இரவைச் சாமம் சாமமாக வருணித்திருக்கிறார். ஆகையால் இந்த ஊர் இரவில் விழித்திருப்பது நேற்று வந்த பழக்கம் அன்று. மதுக்கூடமும் ஆட்டபாட்டமும் தேடுகிறவர்களுக்கு இது உரிய ஊர் இல்லை. இங்கே இரவு என்பது சாப்பாடு, பூ, கோயில், வீதியோரப் பேச்சு ஆகியவைதான். சில காலங்களில் பொலிஸார் பதினொரு மணியோடு கடைகளைச் சாத்தச் சொல்வதும் உண்டு. அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்டுக்குளிச் சமையல்

தம்பிக்காகச் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேராகப் போய், ஒவ்வொரு நாளும் எதைச் சாப்பிட்டோம் என்று குறித்து வைத்துக்கொண்டு வந்தோம்.

கறிதோசையை முதலில் சொல்ல வேண்டும். சிம்மக்கல் பக்கத்துக் கோனார் கடைதான் இதற்குப் பெயர்பெற்றது. கீழே தடித்த தோசை, அதன் மேல் முட்டை, அதற்கு மேல் மிளகு மணக்கும் ஆட்டுக்கொத்துக்கறி, மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்படி கல்லில் திருப்பிப் போட்டு எடுப்பார்கள். ஒன்று சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். மற்றவற்றுக்கு இடம் வேண்டுமானால் இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள்.

பரோட்டா என்றால் நாங்கள் எங்கள் றொட்டியை நினைப்போம். மதுரைப் பரோட்டாவோ பக்குவத்தில் வேறானது. பன் பரோட்டா என்பது கையளவுதான், ஆனால் உள்ளே பஞ்சு போலவும் வெளியே மொறுமொறுப்பாகவும் இருக்கும். அதை இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னாவை மேலே ஊற்றுவார்கள். சால்னா எங்கள் குழம்பைப் போலத் தூள் உறைப்பு இல்லாமல், தண்ணியாக, சோம்பும் கசகசாவும் தேங்காயும் சேர்ந்த மணத்தோடு இருக்கும். கொத்துப் பரோட்டா எங்கள் கொத்துறொட்டிக்கு உறவுதான். எங்களுடையதில் மரக்கறியும் றொட்டித் துண்டும் தனித்தனியாகத் தெரியும், அவர்களுடையதில் முட்டையும் சால்னாவும் பரோட்டாவும் ஒன்றாகும் வரை கொத்துகிறார்கள். ஆனால் தகட்டில் கரண்டி அடிக்கும் ஓசை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அந்த ஓசையைக் கேட்டதும் என் மகன் திரும்பிப் பார்த்து, "அம்மா, எங்கட ஊர்" என்றான்.

அயிரை மீன் குழம்பைத் தவற விடாதீர்கள். சுண்டு விரலை விடச் சிறிய நன்னீர் மீன். கடல் மீனே மீன் என்று வளர்ந்த எனக்கு, முள்ளோடு மென்று விழுங்கும் அந்தச் சிறுமீனும் புளி தூக்கலான குழம்பும் முதல் வாயில் புதிதாக இருந்து, மூன்றாவது வாயில் பழகிவிட்டன.

இனிப்பில் ஜிகர்தண்டா. குறுகக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரிச் சர்பத், மேலே கையாற் செய்த ஐஸ்கிரீம். கீழமாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சந்திக்கும் விளக்குத்தூண் பகுதியில் மாலையில் கூட்டத்தைப் பார்த்தாலே கடை தெரிந்துவிடும். புகையிரத நிலையத்துக்கு அண்மையில் உள்ள பிரேம விலாஸில், நெய் வழியும் கோதுமை அல்வாவைச் சுடச்சுட இலைத்துண்டில் வைத்துத் தருவார்கள். வாங்கி நின்றபடியே சாப்பிட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் கொதிக்க வைத்து, மேலே தேங்காய்ப்பூத் தூவித் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். இராச் சாமத்தில் குடித்தால் நெஞ்சுக்கு இதம். எங்கள் வீட்டில் அம்மம்மா வைத்துத் தந்த பயற்றங்கஞ்சியை நினைத்துக்கொண்டு குடித்தேன்.

பனையோலை

மாசிவீதி அண்ணாவுக்கும் சுண்டுக்குளி அக்காவுக்கும் மிக்க நன்றி. தம்பி இதை இரண்டு முறை வாசித்துவிட்டான். அம்மாவுக்குக் கவலை ஒன்று இருக்கிறது. கோயிலுக்குப் போகும் பயணத்தில் மச்சம் சாப்பிடலாமா என்கிறார். அவர் வெள்ளியும் செவ்வாயும் விரதம் இருப்பவர். தம்பியைத் தடுத்தால் அவன் முகம் வாடும், விட்டால் அம்மா மனம் வருந்துவார்.

வண்ணைவாசி

பிள்ளை, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்கு 71 வயது; ஆறு முறை மதுரைக்குப் போயிருக்கிறேன். விடியற்காலையில் தோய்ந்துவிட்டு மூவரும் கோயிலுக்குப் போங்கள். மத்தியானம் வரை மூவரும் சைவமாகவே இருங்கள். இரவு வழிபாட்டுக்குப் போகும் நாளில் தம்பியும் அன்று முழுதும் மச்சத்தை விடட்டும்; மற்ற நாட்களில் அவன் இரவு தன் விருப்பப்படி சாப்பிடட்டும். அம்மாவுக்கு அங்கே குறைவே இல்லை. இட்லிக்கு நான்கு வகைச் சட்னி வைத்து, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். எங்கள் பக்கத்து இட்டலிக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை அவரே சொல்வார்.

கோயிலைப் பற்றிச் சில செய்திகள். முதலில் மீனாட்சியம்மனை வணங்கிப் பிறகே சுந்தரேசுவரரிடம் போவது அங்குள்ள முறை. கிழக்குப் பக்கம் அட்டசத்தி மண்டபத்தால் நுழைந்தால் அந்த ஒழுங்கு தானாக அமையும். பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டில் அம்மாவைச் சற்று இருத்துங்கள். வெள்ளியம்பலத்தில் நடராசரைக் கவனியுங்கள். பிற தலங்களில் இடது காலைத் தூக்கி ஆடுபவர், இங்கே கால் மாறி, வலது காலைத் தூக்கி ஆடுகிறார். 1569இல் அரியநாத முதலியார் கட்டியதாகச் சொல்லப்படும் ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் உள்ள தூண்கள் 985. எங்களூர்க் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றுவோம். அங்கே அது கட்டாயமில்லை, ஆனாலும் தம்பி வேட்டி கட்டிக்கொண்டால் அழகாக இருக்கும். 2018 பெப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கைபேசியை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. வாசலில் உள்ள பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, திரும்பும்போது சந்திக்க வேண்டிய கோபுரத்தை மூவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசாமல் விட்டு, நான் கிழக்கு வாசலிலும் மனைவி தெற்கு வாசலிலும் ஒரு மணி நேரம் நின்றோம். சக்கர நாற்காலி உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள்.

இரவு ஒன்பது மணியளவில் பள்ளியறைப் பூசை. சுவாமியின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து, நாதசுரமும் தவிலும் முன்னே வர, அம்மனின் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்கள். எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

கரவெட்டியாள்

பெண்கள் இரவில் நடமாடுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. நாங்கள் பெண்கள் நால்வர் போயிருந்தோம். சித்திரை வீதிகளில் வாகனங்களை விடுவதில்லை. இரவு பத்து மணி வரை குடும்பங்கள், குழந்தைகள், பூக்காரிகள் என்று நிறைந்திருக்கும். மாசி வீதிகளிலும் நடுச்சாமம் வரை எங்களுக்கு எந்த இடைஞ்சலும் நேரவில்லை. பேருந்து நிலையங்களைச் சுற்றிய சந்துகளையும், வைகைக் கரையோர இருட்டையும் தவிர்த்துக்கொண்டோம். ஓட்டோவில் ஏறும்முன் கூலியைப் பேசுங்கள், அல்லது செயலியில் அழையுங்கள்.

தங்குவதில் எங்களுக்கு ஏற்பட்ட சிரமத்தைச் சொல்ல வேண்டும். முன்பதிவு செய்த ஒரு விடுதியில், நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டியதும் அறை இல்லை என்றார்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதியார் அதற்கென ஒரு படிவம் நிரப்பிப் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்கு விருப்பமில்லாதவர்கள் இப்படிச் செய்கிறார்கள். அதே மொழியைப் பேசிக்கொண்டு அந்த வாசலில் பொதிகளோடு நின்ற அரை மணி நேரம் இன்னும் மனத்தில் நோகிறது. ஆகவே பணம் கட்டும் முன்பே தொலைபேசியில் அழைத்து, இலங்கையர்களுக்கு அறை தருவீர்களா என்று நேராகவே கேளுங்கள். கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், மேற்கு வெளி வீதிப் பக்கம் பார்ப்பது நல்லது. அதுபோல, இணையவழி விசா எடுப்பவர்கள் தாங்கள் இறங்கும் விமான நிலையமோ துறைமுகமோ அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு நாள் பூச்சந்தையைக் காட்டுங்கள். மாட்டுத்தாவணியில், விடியலுக்கு முன்பே மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். மொட்டாகப் பறித்தது மாலையில்தான் விரியும். அதனால்தான் இரவில் அந்த வீதிகள் அப்படி மணக்கின்றன. சேலை வாங்குவதானால் சுங்குடி. துணியைப் புள்ளி புள்ளியாக முடிந்து சாயமேற்றும் இந்தக் கலையைச் சௌராட்டிர மக்கள் தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள். பருத்தி என்பதால் எங்கள் வெயிலுக்கும் உகந்தது. புதுமண்டபத்தில் முன்பு நெருக்கமாக இருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கந்தரோடைக்காரன்

மாசிவீதி தம்பி மதுரைக்காஞ்சியை முன்வைத்த பிறகு என் வாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் பகலை உறங்கிக் கழிப்பதற்கு இன்னும் உடன்பாடில்லை. காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை வெயில் ஏறாத நான்கு மணி நேரம் இருக்கிறதே.

நகரின் மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு அந்த நேரத்தில் போங்கள். அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஐயனார் கோயிலும் ஆலமர நிழலும் உண்டு. அம்மா அங்கேயே இருக்கலாம். நீங்களும் தம்பியும் மேலேறினால், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களையும் அவற்றின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காண்பீர்கள். இன்னொரு காலையில் திருப்பரங்குன்றம். பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், முருகனின் அறுபடை வீடுகளில் முதலாவது. எங்கள் மக்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கும்போது எனக்கு எழுந்த ஓர் எண்ணத்தையும் சொல்கிறேன். அது 1636இல் எழுந்தது. இப்போது எஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதி மட்டுமே. அந்த நாயக்கர் மகாலும் புதுமண்டபமும் கட்டிக்கொண்டிருந்ததற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இங்கே போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, நல்லூர்ப் பழங்கோயிலை இடித்துத் தள்ளினார்கள். கடலின் ஒரு கரையில் தூண்கள் எழுந்தன, மறுகரையில் கற்கள் பெயர்க்கப்பட்டன. அந்த முற்றத்தில் நின்றபோது, எங்களிடம் எது இல்லாமற் போயிற்று என்பதை முதன்முதலாக அளந்து பார்க்க முடிந்தது. மாலை ஒலி ஒளிக் காட்சி நடக்கிறதா என்பதை அன்று பகலே வாசலில் விசாரியுங்கள்.

வண்ணைவாசி

கந்தரோடைத் தம்பி பகலுக்காக வாதாடுவது நியாயந்தான். ஆனால் இந்தப் பிள்ளை இரவைக் கேட்டதன் பொருள் எனக்கு விளங்குகிறது.

என் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் எங்களுக்கு இரவு இருக்கவில்லை. ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லை. பிறகு ஊரடங்கு. 2006 ஆவணி மாதத்துக்குப் பிறகு பின்னேரமானதும் படலையைச் சாத்திவிட்டு, நாய் குரைத்தால் விளக்கைத் தணிக்கும் வாழ்க்கைதான். 2010இல் மனைவியோடு முதன்முறையாக மதுரைக்குப் போனேன். பள்ளியறைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது மணி பத்து. என் கால்கள் தாமாகவே அறையை நோக்கி விரைந்தன. மனைவிதான் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏன் ஓடுறியள், ஆரும் ஒன்றும் கேட்கமாட்டினம்" என்றார்.

தெற்கு மாசி வீதியில் ஒரு தள்ளுவண்டிக்கு அருகே நின்று பால் குடித்தோம். ஒரு தகப்பன் நித்திரைத் தூக்கத்தில் இருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இட்லி வாங்கிக்கொண்டிருந்தார். நடுச்சாமத்தில் ஒரு குழந்தையோடு வீதியில் நிற்கும் தகப்பனின் முகத்தில் அச்சம் இல்லாதிருப்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு மணி வரை நடந்தோம். அந்த இரவுக்குப் பிறகு மனைவி ஆறு ஆண்டுகளே உயிரோடு இருந்தார். நான் திரும்பத் திரும்ப மதுரைக்குப் போவதற்கு அதுதான் காரணம்.

மாசிவீதி

ஐயா எழுதியதை வாசித்த பிறகு சற்றுநேரம் எதுவும் எழுத இயலவில்லை. 1990இல் வந்து இறங்கிய எங்கள் அம்மாவும் அதையே சொல்வார்: முதல் ஒரு மாதம் இரவுக் கடைகளின் சத்தத்தில் நித்திரை வரவில்லை, பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நித்திரை வரவில்லை என்று.

நாள் தெரிவு பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். தைப்பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மூன்று ஊர்களிலும் ஏறுதழுவல் நடக்கும். அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம், நெரிசலும் அம்மாவுக்கு ஒத்துவராது. தைப்பூசத்தன்று வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. அம்மனும் சுவாமியும் ஏறிய தெப்பத்தை, கரையில் நின்று வடம் பிடித்து இழுப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அன்று மூர்த்திகள் வெளியே எழுந்தருள்வதால் கோயில் நடை சாத்தியிருக்கும். உங்கள் நான்கு நாட்களில் அது ஒன்றாக இருந்தால் அன்று கோயிலை வைக்காதீர்கள். தெப்பக்குளக் கரை சாதாரண மாலைகளிலும் காற்று வாங்க நல்ல இடம்.

அழகர்கோயிலுக்கு அரைநாள் கிடைத்தால், 21 கிலோமீற்றர்தான், அங்கே பிரசாதமாகத் தரும் தோசையை அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள். தோலோடு அரைத்த உளுந்தும் மிளகும் நெய்யும் சேர்ந்த, விரற்கடைத் தடிப்புள்ள தோசை.

பனையோலை

நாங்கள் போய்த் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. வழிகாட்டியவர்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் இருப்பது முறையன்று.

தைப்பூசம் கழிந்த பின்னரே போனோம். கரவெட்டி அக்கா சொன்னபடி ஐந்து விடுதிகளை அழைத்துக் கேட்டோம். இரண்டு மறுத்தன, மற்ற மூன்றில் ஒன்றில் எடுத்தோம். முதல் நாள் அம்மா பயணக் களைப்பில் எழும்பவில்லை. இரண்டாம் நாள் விடிய ஐந்து மணிக்கு மூவரும் அம்மன் சந்நிதியில் நின்றோம். கூட்டம் குறைவு. அம்மா ஒன்றும் பேசவில்லை, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சமணர் மலைக்கு நானும் தம்பியும் ஏறினோம். கந்தரோடை அண்ணாவுக்கு நன்றி. கீழடியில் தம்பி என்னைவிட அதிக நேரம் நின்றான், அது நான் எதிர்பாராதது. மகாலில் மேற்கூரையைப் பார்த்துக் கழுத்து வலித்தது. அழகர்கோயிலுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கறிதோசையைத் தம்பி இரண்டு இரவு தனியே போய்ச் சாப்பிட்டான். அயிரை மீன் அவனுக்குப் பிடிக்கவில்லை. பிரேம விலாஸ் அல்வா அம்மாவுக்கு மிகவும் பிடித்து, ஒரு கிலோ கட்டுவித்துக்கொண்டு வந்தோம்.

மூன்றாம் நாள் இரவைத்தான் எழுத வேண்டும். வண்ணை ஐயா சொன்னபடி தம்பியும் அன்று முழுதும் சைவமாக இருந்தான். பல்லக்கு வரும்போது அம்மாவின் முன்னே சில பெண்கள் நின்றார்கள். இவருக்குத் தெரியவில்லை என்று கண்டதும் அவர்களில் ஒருவர் விலகி, அம்மாவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டு, தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி அம்மாவின் கையில் வைத்தார். அப்பா போன பிறகு பூ வைப்பதில்லை என்று அம்மா மெல்லச் சொன்னார். அந்தப் பெண், "அப்ப சாமிக்குக் குடுங்கம்மா" என்று தானே வாங்கிப் பல்லக்கைச் சுமந்தவரிடம் நீட்டினார்.

வெளியே வந்தபோது பத்து மணிக்கு மேல். அறைக்குப் போவோமா என்று கேட்டேன். முழங்கால் நோவைக் காரணம் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அம்மா சித்திரை வீதிக் கற்பலகை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, கோபுரத்தைப் பார்த்தபடி, "நீங்கள் ரெண்டு பேரும் போய் அந்தப் பருத்திப்பாலை வாங்கிக்கொண்டு வாங்கோ, நான் இதிலை இருக்கிறன்" என்றார். தெற்கு மாசி வீதியில் வண்டியைக் கண்டுபிடித்து மூன்று குவளைகளோடு திரும்பி வருகையில், அம்மா பக்கத்திலிருந்த பூக்காரியோடு கதைத்துக்கொண்டிருந்தார். சங்கக்கடைக் கூப்பன் காலத்திலிருந்து தொடங்கி எங்கள் வீட்டுக் கிணறு வரைக்கும் வந்துவிட்டார். பன்னிரண்டரைக்குத்தான் எழும்பினோம்.